ஈப்போவில் ஒரு மங்கு காக்டெயில்

ஒரு காக்டெயில் முன்பின் தெரியாதவர்களைப் பேச வைத்துவிடும் என்று விமானத்தில் கிடந்த பத்திரிகையில் படித்தேன். எழுதியவர் நான்கு நாட்டு மதுக்கூடங்களில் உட்கார்ந்திருக்கிறார். நான்கிலும் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டாவது மிடறிலேயே தன் வாழ்க்கையைத் திறந்து காட்டியிருக்கிறார். நான்கு பேரும் ஒரே மாதிரி பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்று சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து, வாந்திப் பைக்குப் பின்னால், அதற்குரிய இடத்தில் செருகினேன்.

எனக்கு மதுவோடு விரோதம் கிடையாது. மதுவைப் பற்றி எழுதுகிறவர்களோடுதான். அதோடு நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குப் போனது பேச்சுத்துணை தேடி அல்ல, ஒரு பதிவேட்டைத் தேடி. லால்குடி வட்டாரத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களின் பட்டியல் ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருகிறேன். பெயர், ஊர், கப்பல் ஏறிய துறை, சேர்ந்த தோட்டம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வேறென்ன வரும்?

ஈப்போவிலிருந்து இராசநாயகம் என்பவர் கடிதம் எழுதியிருந்தார். எழுபத்தொன்பது வயது, ஓய்வு பெற்ற நில அளவையாளர். குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தமிழர்கள் அதை மூணுகல் தோட்டம் என்றார்கள், அது போதும். தோட்டம் கைமாறியபோது அப்பா சில செக்ரோல்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். செக்ரோல் என்பது தொழிலாளிகளின் அன்றாட வருகைப் பதிவேடு. "என் பிள்ளைகள் குப்பையில் போட முன்னம் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ" என்று எழுதியிருந்தார். மறுமாதமே கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பிற்பகல் 1.52க்கு ரயில் ஈப்போவில் நின்றது. 1.52க்குத்தான் நிற்க வேண்டும். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் இறங்கினேன்.

குறைக்குப் பஞ்சம் வரவில்லை. பழைய நகரத்துக் கடை வீடுகளின் சுவர்களில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வெயிலில் வரிசை. வெள்ளைக் காப்பி குடிக்க இன்னொரு வரிசை. வெள்ளைக் காப்பி வெள்ளையாக இருக்காது. திருச்சி பேருந்து நிலையத்துக் காப்பியில் கட்டிப்பாலைக் கவிழ்த்தால் இதே நிறம், இதே தித்திப்பு வரும். நாம் அதற்கு வரிசையில் நிற்பதில்லை, சண்டை போட்டு வாங்குகிறோம். மதியம் சாப்பிட்ட முளைப்பயறுக் கோழியைப் பற்றி மட்டும் கெடுதலாக எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

இராசநாயகம் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இருக்கிறார். வீட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார்கள், மாலை ஐந்து மணிக்கு ஒரு மதுக்கூடத்தில் சந்திப்போம் என்று தகவல் அனுப்பியிருந்தார். பழைய ஈயக் கடை ஒன்றை இடித்தும் இடிக்காமலும் விட்டு மதுக்கூடமாக்கியிருந்தார்கள். சுவரில் காரை உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்துக்கு மட்டும் தனியாக விளக்குப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் காரை உதிர்ந்திருக்கிறது, விளக்குப் போடத் தோன்றவில்லை.

இராசநாயகம் நீளக் கை சட்டையில், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்றார். வந்தது அதே மூணுகல் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் கொண்ட காக்டெயில். பட்டை சீவிய மரத்துண்டில் ஒரு கம்பி வளையம், வளையத்தில் பழைய பீங்கான் கிண்ணம். கிண்ணத்துக்கு மேலே ஒரு சிறு தகரமூக்கு. அதன் வழியே வெள்ளையாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ரம், தேங்காய்ப்பால், பனைவெல்லம் என்று விளக்கினாள் மதுவைக் கலந்த சீனப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், தோலால் ஆன ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"தோட்டத் தொழிலாளிகளின் கண்ணீரை நாங்கள் இதில் கொண்டாடுகிறோம்" என்றாள் ஆங்கிலத்தில்.

"கண்ணீரில் தேங்காய்ப்பால் எவ்வளவு?"

"அறுபது மில்லி" என்றாள், முகம் மாறாமல்.

இராசநாயகம் கிண்ணத்தை உயர்த்தி, அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "அப்பா வலு கண்டிப்பானவர். ஆனால் இரக்கம் உள்ள மனுசன். பிள்ளை பெற்ற பொம்பிளையள ஒருநாளும் பட்டினி கிடக்க விட்டவரில்லை. அந்தக் கணக்கெல்லாம் அவரின்ட கையில்தான்." இந்தக் கதையை அவர் பலமுறை சொல்லிப் பழகியிருந்தது கேட்கும்போதே தெரிந்தது. எங்கே சிரிப்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் வழவழப்பாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் ஏணியிலிருந்து ஒருவர் இறங்கினார். எங்கள் தலைக்கு மேல் குளிரூட்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது. பெயர் மணியம் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண் அவருக்கு ஐஸ் தண்ணீர் கொடுத்தாள். அவர் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குடிச்சிறாதீங்க லா."

"ஏன்?" என்றேன். அந்த 'லா' அந்த ஊர்ப் பேச்சின் ஒட்டு, தனிப் பொருள் கிடையாது.

"அது மங்கு லா. பால் மரத்துல கட்டுறது. ஸ்கூல் லீவுல நானும் எங்கக்காவும் நெரை நெரையா மங்கு தொடைப்போம். உள்ள பூரான் கெடக்கும், அட்டை கெடக்கும். எங்க பயலுங்க அதுல நின்னுக்கிட்டே என்ன செய்வானுங்கன்னு இந்தம்மாகிட்ட சொல்லட்டா?"

"கொதிதண்ணியில கழுவியிருப்பினம், தம்பி" என்றார் இராசநாயகம்.

"கழுவுனா போற நாத்தமா சார் அது? மங்குல காஞ்ச ஒட்டுப்பால் நாத்தம் எனக்குக் கல்யாணம் ஆன பொறவும் கையில இருந்துச்சு. பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண்ணுக்கு மலாயில் ஏதோ சொன்னார். அவள் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள், பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். பத்திரிகைக்காரர் சொன்னது பாதி சரிதான். பேச்சு வந்துவிட்டது. ஆனால் அதை வரவழைத்தது மது அல்ல. மது அப்படியே இருந்தது, ஒருவரும் தொடவில்லை.

"எந்தத் தோட்டம் தம்பி?" இராசநாயகம் கேட்டார்.

"மூணுகல்."

"அது எங்கட தோட்டமல்லோ!"

"உங்க தோட்டமா? நீங்க தொரை வூடா?"

"கிராணி வீடு."

மணியம் தண்ணீர்க் குவளையை வைத்தார். குளிரூட்டியைப் போட்டுப் பார்த்தார், குளிர்ந்தது. அதை நன்றாகத்தான் பழுதுபார்த்திருந்தார். "பெரிய கிராணி மவனா நீங்க? எங்கம்மாவத் தெரியுமா? எம்பத்தேழு."

வயதல்ல, செக்ரோல் எண். அம்மாவின் பெயர் முனியம்மாள். ஆனால் தோட்டத்தில் வாளியிலும் அரிசிச் சீட்டிலும் எழுதியிருந்தது 87 தான். அவர் அம்மாவின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொன்னது எனக்கு வியப்பாக இல்லை. ஒரு கிராணி மகனிடம் வேறு எதைச் சொல்வது?

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த செக்ரோலு ஏதும் உங்ககிட்ட இருக்கா சார்?"

விஷயம் இது. மணியத்தின் அக்கா சரோஜா. அறுபத்தாறு வயது. மூணுகல் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். ஆஸ்பத்திரி கிடையாது, பதிவும் கிடையாது. மணியம் ஒன்பது ஆண்டு கழித்து ஆஸ்பத்திரியில் பிறந்தார், அதனால் குடிமகன், நீல அட்டை. அக்காவுக்குச் சிவப்பு அட்டை. அறுபத்தாறு ஆண்டுகளாக இந்த மண்ணைவிட்டு வெளியே போகாதவர், இந்த நாட்டில் தங்க அனுமதி பெற்றவர் மட்டுமே. ஓட்டு இல்லை, கடவுச்சீட்டு இல்லை. மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். முதல் பேரனைக் கைப்பேசியில்தான் பார்த்தார். இப்போது இரண்டாவது பிள்ளையை ஐந்து மாதமாகச் சுமக்கிறாள். சரோஜா பிறந்த ஆண்டில் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை உண்டு, அவர் இங்கே பிறந்தவர் என்று நிரூபித்தால் போதும். மூன்று முறை விண்ணப்பித்து, ஆதாரம் இல்லை என்று திரும்பிவிட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஈப்போ தேசியப் பதிவு அலுவலகத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தாள் எதுவானாலும் கொண்டுவரலாம், ஆனால் அதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

"புதன்கிழமை பார்ப்பம்" என்றார் இராசநாயகம், நல்ல மனதோடு. "அப்பாவின்ட புத்தகத்தில் எல்லாம் இருக்கும்."

எனக்கு அப்போது தோன்றியதை எழுதிவிடுகிறேன். என்னுடைய செக்ரோலை இவர்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் நான் எதை எடுத்துப்போவது என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை 7.20க்கு மணியத்தின் வேனில், சரோஜாவைப் பார்க்க, தெலுக் இந்தானுக்குக் கிளம்பினோம். வழியில் தோட்டத்தையும் காட்டுகிறேன் என்றார். வேனின் பக்கக் கதவு மூடாது. கயிறு கட்டியிருந்தார். நெடுஞ்சாலையில் கயிறு அறுந்து, கதவு சறுக்கித் திறந்து, ஒரு மின்விசிறி வெளியே போகப் பார்த்தது. மீதி வழி முழுக்க நான் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். "அண்ணே ஊர்ல எந்த வேலையில இருந்தீங்க?" என்று கேட்டார். பத்திரப் பதிவு என்றேன். "அதான் நல்லாப் புடிக்கிறீங்க" என்றார்.

மூணுகல் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை. பார்க்கும் திசையெல்லாம் செம்பனை, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். மூன்று பாறைகளில் இரண்டு இருக்கின்றன. மூன்றாவதை வெட்டிச் சாலைக்குப் போட்டுவிட்டார்களாம். லயங்கள் இருந்த இடத்தை மணியம் காட்டினார். அங்கே இருந்தது ஒரு வாய்க்கால். இத்தனைக்கும் ஈப்போவில் ஒரு மதுக்கூடம் இந்த இடத்தின் பெயரை மரத்துண்டில் சுட்டு எழுதி வைத்திருக்கிறது. இடத்தை அழித்தவர்கள் பெயரை மட்டும் எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்!

தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரம் ஒன்று உண்டு. எல்லோரும் அதன் முன்னால் தாங்களும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் நேராக நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

சரோஜா ஆற்றோரத்துச் சந்தைக்குப் பின்னால் ஒரு தொடர்வீட்டில் இருந்தார். மெலிந்த, சுறுசுறுப்பான பெண்மணி. நெத்திலி சம்பல், காங்கோங் கீரை, சாம்பார். சாம்பார் இனித்தது. நான் அதைச் சொன்னேன்.

"உங்க ஊர்ல கசக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஊற்றினார்.

பிறந்த நாள் எது என்று கேட்டேன். அட்டையில் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறது. நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதானாம். "தீவாளிக்கு முன்னாடின்னு அம்மா சொல்லும். எத்தினி நாளு முன்னாடின்னு கேட்டா, 'எனக்கு மரம் வெட்டவே நேரமில்ல, இதுல நாள் எண்ணுவாங்களா'ன்னு ஏசும்." மரம் வெட்டுவது என்றால் பால் எடுக்கப் பட்டை சீவுவது.

அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம், பதிவேடுகளில் பிறப்பு இருக்காது, வேலை மட்டும்தான் இருக்கும் என்று நான் சொல்லிவைத்தேன். என் அனுபவத்தில் சொன்னது.

"நம்பிக்கையெல்லாம் இல்லண்ணே. இது ஒரு வேல. கூப்புட்டா போறேன். அனுப்புனா திரும்பி வாரேன். மவ அழுவுறா, அதான்." பிறகு மணியத்தைப் பார்த்து, "அந்தக் கதவ மொதல்ல சரி பண்ணு. அண்ணே கை பாரு, செவந்து போச்சு" என்றார்.

புதன்கிழமை காலை 9.10க்கு இராசநாயகத்தின் வீட்டில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் மலை செங்குத்தாக நிற்கிறது. உள்ளே சாயம் பூசுகிற வேலை எதையும் காணவில்லை. மதுக்கூடத்துக்கு வரச் சொன்னது அப்பாவின் கதையை ஒரு கோப்பையோடு சொல்வதற்காகத்தான் என்று புரிந்தது.

ஐந்து பதிவேடுகள். துணி அட்டை, பூச்சி அரித்த முதுகு, அழகான கையெழுத்து. மாதத்துக்குச் சில பக்கங்கள். இடது ஓரத்தில் எண், பெயர், ஊர். பிறகு முப்பத்தொரு கட்டங்கள். முழு நாள் வேலைக்கு ஒரு வட்டம், அரை நாளுக்கு அரை வட்டம், வராத நாளுக்கு ஒரு கோடு. ஊர்ப் பத்தியில் லால்குடி, அன்பில், பூவாளூர் என்று கண்ணில் பட்டதும் நான் சரோஜாவை மறந்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். சுமார் முக்கால் மணி நேரம் மறந்திருந்தேன்.

பிறகு சிவப்பு அட்டையில் இருந்த ஆண்டை எடுத்துக்கொண்டு, தீபாவளியிலிருந்து பின்னோக்கிப் போனேன். 87, முனியம்மாள். ஒரு மாதத்தில் முதல் பத்து நாளும் வட்டம். பதினொன்றாம் நாள் அரை வட்டம். அதற்குப் பிறகு கோடு. கோடு, கோடு, கோடு. அடுத்த மாதத்திலும் பத்துக் கோடுகள். பதினொன்றாம் நாள் மறுபடியும் வட்டம். முதல் கோட்டுக்கு அடியில் மட்டும் பச்சை மையில் ஒரு புள்ளி.

நான் பார்த்துவிட்டேன். பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது, ஐந்து புத்தகமும் என் பைக்குள் போகும். பிறகு விரலை வைத்து, "இது என்ன புள்ளி?" என்று கேட்டேன்.

இராசநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"அது பிள்ளைப்பேறு."

"பேறுகாலத்துக்குத் தோட்டத்தில் விடுப்பு உண்டு இல்லையா? அதற்குத் தனிக் குறி இருக்க வேண்டுமே. இது வராதவர்களுக்குப் போடும் கோடு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கினார். பள்ளி விடுமுறைகளில் அப்பாவுக்கு உதவியாக இந்தக் கட்டங்களைக் கூட்டிச் சரிபார்த்தவர் இவர்தான். பேறுகால விடுப்பு என்று எழுதினால் தோட்டம் படி கொடுக்க வேண்டும். துரைக்கு அது பிடிக்காது. ஆகவே வேலைக்கு வரவில்லை என்று எழுதுவது. ஆனால் தொடர்ந்து பத்து நாள் வராதவர் பெயரை அடித்துவிடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். பெயரை அடித்தால் லயத்து வீடும் போய்விடும். பெயரை அடிக்காமல் விட வேண்டியவர்கள் யார் என்று தனக்கு மட்டும் தெரிவதற்காக அப்பா வைத்த புள்ளி அது.

"அப்பா அவையளைக் காப்பாற்றினவர்" என்றார்.

"ஏமாற்றிவிட்டுக் காப்பாற்றியிருக்கிறார்."

எனக்கு இப்படிப் பேச உரிமை இல்லைதான். என் அலுவலகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்ட பத்திரங்களும் உண்டு. ஆனால் அவற்றை வைத்து நான் மதுக்கூடத்தில் கதை சொல்வதில்லை.

இராசநாயகம் எழுந்து ஐந்து புத்தகங்களையும் அடுக்கி, என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். "நீங்கள் கொண்டு போங்கோ. லால்குடிக்கு. நாளைக்குக் காலமை பதினொரு மணிக்கு ரயில் இருக்கு. அந்தத் தம்பியிட்ட ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ."

"புள்ளி என்னவென்று சொல்ல உங்களைத் தவிர யாரும் இல்லை."

"அதைத்தான் சொல்லுறன். நான் இல்லாமல் அது வெறும் புள்ளி."

புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தேன். விடுதி அறையில் அவை மேசைமேல் கிடந்தன. ஐந்தும் என்னுடையவை, கேட்காமலே கொடுத்தவை. கதவைப் பிடித்த கை இன்னும் வலித்தது. மணியத்துக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, "செரிண்ணே, காலையில வாரோம்" என்றார். இராசநாயகத்துக்கும் இடத்தையும் நேரத்தையும் தகவலாக அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை 9.05. அலுவலகத்துக்கு மேல்மாடியில் சத்தியப் பத்திரம் எழுதித் தரும் ஓர் அறை. தட்டச்சுக்கு ஒரு மலாய்ப் பெண்மணி, தலையில் இளநீல முக்காடு. நான் அந்த ஆண்டுப் புத்தகத்தோடு போனபோது சரோஜாவும் மணியமும் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து இராசநாயகம் கழுத்துப்பட்டையோடு படி ஏறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தன் அப்பா வைத்த பேறுகாலக் குறி இது என்று நான்கு வரி எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

தட்டச்சுப் பெண்மணி படித்தார். பிறகு பதிவேட்டைப் பார்த்தார். முன்னட்டையின் உள்பக்கத்தில் குறிகளின் விளக்கம் அச்சாகியிருந்தது. கோடு என்றால் வேலைக்கு வராதவர். பேறுகாலத்துக்கு வேறு குறி.

"விளக்கத்தில் அப்படி இல்லையே" என்றார் மலாயில். மணியம் மொழிபெயர்த்தார். "கீழே கேட்பார்கள். ஏன் மாற்றி எழுதினார் என்று சொல்லாவிட்டால் இதை எடுக்க மாட்டார்கள்."

இராசநாயகம் ஜன்னலைப் பார்த்தார். "அப்பா செத்துப் போனவர். பெயரைக் கெடுத்து எழுத ஏலாது."

மணியத்துக்குப் பொறுக்கவில்லை. "செத்துப் போனவருக்கு ஐசி அட்டை வேணாம் சார். எங்கக்காவுக்கு வேணும் லா."

"நீ சும்மா இரு" என்றார் சரோஜா.  இராசநாயகத்தின் எதிரே போய் உட்கார்ந்தார். "ஐயா, எனக்குக் கோவமெல்லாம் இல்ல. உங்கப்பா வெறுங் கோடு மட்டும் போட்டிருந்தா பத்தோட பதினொண்ணாப் போயிருக்கும். அவரு பொய்க்குக் கீழ புள்ளி வெச்சதாலதான் நான் பொறந்தது நெசம்னு தெரியுது. அந்தப் பொய்ய நீங்கதான் சொல்லணும். எனக்குச் சொல்லத் தெரியாது."

இராசநாயகம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அரை வட்டத்தில் விரல் வைத்தார். "காலமை பெரட்டுக்கு வந்து பேர் குடுத்திருக்கிறா. அரை நாள் மரம் வெட்டியிருக்கிறா. பிறகு வீட்டுக்குப் போயிருக்கிறா." அப்படியானால் சரோஜா பிறந்தது பதினொன்றாம் நாள். என்ன கிழமை என்று சரோஜா என்னைக் கேட்டார். நாட்காட்டிக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஒரு நிமிடத்தில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை.

"ஞாயித்துக்கெழமையும் வேலையா எங்கம்மாவுக்கு?"

"காசு மரம் என்று சொல்லுவினம். கூடுதல் வேலை" என்றார் இராசநாயகம். பிறகு தட்டச்சுப் பெண்மணியிடம், தூய மலாயில், மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். மணியம் எனக்குக் காதில் சொன்னார். என் தந்தை தோட்டத்தின் தலைமை எழுத்தர். பிரசவித்த பெண்களை வேலைக்கு வராதவர்கள் என்று எழுதினார். படி கொடுக்காமல் இருப்பதற்காக அப்படி எழுதினார். அவர்களை அடையாளம் காணப் பச்சைப் புள்ளி வைத்தார். இது எனக்கு நேரடியாகத் தெரியும். கூட்டல் நான் போட்டேன்.

கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. அவராகச் சேர்த்தார்.

கையெழுத்துப் போட்டார். மணி 9.41. வேலை முடிந்தது என்று தட்டச்சுப் பெண்மணி தாளை உருவப் போனார். இராசநாயகம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"புத்தகம் கீழே போனால் எப்ப திரும்பி வருமோ தெரியாது. மற்றப் புள்ளிகளையும் எழுதுங்கோ. இன்னொரு தாளில். அதுக்கும் கையெழுத்துப் போடுறன்."

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். "பன்னிரண்டு. மாசி மாதம்."

"அது கோவிந்தம்மா" என்றார் சரோஜா. "அவ மவன் சித்தியவான்ல லோரி ஓட்டுறான்."

"முப்பத்தொன்று."

"பாப்பாத்தி. ரெட்டப் புள்ள. ஒண்ணு செத்துப் போச்சு. ஒண்ணு சிலிபின்ல இருக்கா, சிவப்பு கார்டுதான்."

"அக்கா, பத்து மணி லா!" என்றார் மணியம்.

"நீ கீழ போயி நம்பர் எடுத்து வெச்சுக்க. கூப்புட்டா கொரல் குடு, வாரேன்."

அவர் தடதடவென்று இறங்கினார். எண்கள் தொடர்ந்தன. தட்டச்சுப் பெண்மணி எண்ணை அடித்தார், சரோஜா ஆளைச் சொன்னார். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் எங்கோ போய்விட்டார்கள், ஒருத்தி இவரோடு சண்டை போட்டு முப்பது வருடமாகப் பேசுவதில்லை, ஆனாலும் எழுதச் சொன்னார். என் ரயில் பதினொரு மணிக்கு. நான் குறிப்பேட்டை மூடி வைத்திருந்தேன். இந்தப் பெயர்களில் லால்குடி வட்டாரத்தவர் எத்தனை பேர் என்று அப்போது பார்க்கவில்லை.

"நூற்றிப் பதினாலு" என்றார் இராசநாயகம்.

சரோஜா யோசித்தார். விரலால் மேசையைத் தட்டினார். பெயரைப் படித்துக் காட்டச் சொன்னார், இராசநாயகம் படித்தார். சரோஜா தலையை ஆட்டினார்.

"தெரியல ஐயா. எழுதுங்க. எங்கயாச்சும் இருப்பா."

இராசநாயகம் இரண்டாவது தாளிலும் கையெழுத்துப் போட்டபோது கீழே இருந்து மணியத்தின் குரல் வந்தது. சரோஜா எழுந்தார். தாள்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி படி இறங்கினார். திருப்பித் தருவார்களா என்று நான் கேட்கவில்லை.